ஓப்பன்-மீட்டியோவின் வரலாற்று வானிலைத் தரவு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

1940ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, உலகின் எந்த ஊரில் எந்த நாளில் எவ்வளவு மழை பெய்தது, வெயில் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் சில நொடிகளில் எண்ணாகவும் படமாகவும் விடை தரும் இணையச் சேவைகளில், ஓப்பன்-மீட்டியோவின் வரலாற்று வானிலைப் பகுதி முன்வரிசையில் நிற்கிறது. பெயரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, கடவுச்சொல் தேவையில்லை, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணமும் கிடையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் சில ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவருக்கும், தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும், மூடப்பட்ட தோட்டங்களின் ஆவணங்களைத் திரட்டி வைப்பவருக்கும் இது எந்த அளவுக்குப் பயன்படும், எந்த இடத்தில் இதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் தோட்டத்து மழை ஏடுகளை இச்சேவையின் எண்களோடு நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை.

பயன்படுத்தும் முறை எளிது. பக்கத்தைத் திறந்து ஊரின் பெயரையோ அதன் அட்சரேகை, தீர்க்கரேகையையோ கொடுக்க வேண்டும். தொடக்க நாளையும் இறுதி நாளையும் கொடுக்க வேண்டும். நாள் மழை, உச்ச வெப்பம், தாழ் வெப்பம், காற்று, சூரியக் கதிர்வீச்சு என்று வேண்டியவற்றைக் குறியிட வேண்டும். கீழேயே படம் வரைந்து காட்டப்படும். பிறகு சிஎஸ்வி கோப்பாகவோ எக்செல் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், நிரல் நேரடியாகத் தரவு கேட்பதற்கான ஏபிஐ முகவரி ஒன்றைக் கொண்டு பைத்தான் நிரல்மொழி வழியாகவே தரவைத் தருவித்துக்கொள்ளலாம். அந்த முகவரியையும் பக்கமே தயாரித்துத் தருகிறது. பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றாலும், படிவம் நிரப்பிப் பழகிய எவருக்கும் இது தடையாக இருக்காது.

இறக்கிய சிஎஸ்வி கோப்பில் மழை எண்களுக்கு மேலே இருக்கும் முதல் இரண்டு வரிகளைப் பலர் தேவையற்றவை என்று அழித்துவிடுகிறார்கள். அவற்றை அழிக்காமல் முதலில் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். அங்கே ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, ஓர் உயரம், ஒரு நேர மண்டலம் ஆகியவை இருக்கும். அந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் நீங்கள் கொடுத்தவை அல்ல; உலகைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் என்று கணக்கிடுவதால், உங்கள் ஊர் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறதோ அந்தக் கட்டத்தின் நடுப்புள்ளி. சுங்கை சிப்புட்டுக்கு ஈரா-5 என்னும் தரவுத் தொகுப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், கட்டம் ஒன்றின் அகலம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கோல கங்சாரும் நம் ஊரும் ஒரே நடுப்புள்ளிக்குத்தான் அருகில் இருக்கின்றன. கோல கங்சார்க்காரர் ஒருவரும் சுங்கை சிப்புட்காரர் ஒருவரும் தத்தம் ஊர்ப் பெயரைத் தட்டி, வரிக்கு வரி ஒரே மழை எண்ணைப் பெற்றால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஊர்களிலும் ஒரே அளவு மழை பெய்தது என்று அதற்குப் பொருளும் இல்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்தால்தான் இவற்றை எப்படிக் கையாள்வது என்பதும் தெரியும். ஈரா-5 என்பது மறுபகுப்பாய்வுத் தரவு. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் திட்டத்தின் கீழ் இதை உருவாக்குகிறது. தரை நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், வானிலைப் பலூன்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றிலிருந்து கிடைத்த பழைய அளவீடுகளை இன்றைய கணினி மாதிரி ஒன்றுக்குள் செலுத்தி, அன்றைய வளிமண்டலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று மணிக்கு மணி திரும்பக் கட்டியெழுப்புவதே அதன் வேலை. அதனால் கோப்பில் ஒரு நாளுக்கு நேராக நிற்கும் மழை அளவு, எவரோ ஒருவர் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதிய அளவன்று. ஒரு பெரிய கட்டத்தின் சராசரியாகக் கணக்கிடப்பட்ட அளவு. ஓப்பன்-மீட்டியோ இந்தத் தரவைத் தானே உருவாக்குவதில்லை. பெருங்கோப்புகளாகக் கிடப்பதை எடுத்து, ஓர் ஊருக்கு ஓர் எண் வரிசை என்று சாதாரண மனிதர் கேட்டுப் பெறும்படி ஆக்கித் தருகிறது. கோப்பர்னிக்கஸ் தளத்திலிருந்து அதே தரவை நேரடியாக எடுக்க முயன்றவர்களுக்கு இந்த உதவியின் அருமை தெரியும்.

இனி மழைக்கு வருவோம். நம் பக்கத்து மழையின் இயல்பே வேறு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், அதன் அடியில் தாழ்நிலம். காலையில் வெயில் காய்ந்து, நண்பகலுக்குமேல் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு கொட்டித் தீர்ப்பதுதான் வழக்கம். தோட்டத்தின் ஒரு பிரிவில் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) நிரம்பி வழியும் அளவுக்குப் பெய்யும் மழை, சாலைக்கு அப்பால் உள்ள அடுத்த பிரிவில் மண்ணைக்கூட நனைக்காமல் போவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் கண்டிருப்பார். சில கிலோமீட்டருக்குள் பிறந்து அடங்கிவிடும் இத்தகைய மழையை 25 கிலோமீட்டர் கட்டத்தால் தனித்துக் காட்ட இயலாது. ஏட்டில் ஒரே மாலையில் பெரிய எண்ணாக நிற்கும் மழை, கோப்பில் இரண்டு மூன்று நாள்களுக்குச் சிறு சிறு எண்களாகப் பரவிக் கிடக்கும். சில வேளைகளில் ஏட்டில் மழையே இல்லாத நாளில் கோப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காட்டும். இத்தகைய மாதிரிகள் தூறலை மிகுதியாகவும் கனமழையைக் குறைவாகவும் காட்டும் இயல்புடையவை என்பது வானிலை அறிஞர்கள் நன்கறிந்த செய்தி. அதனால் மழை பெய்த நாள்களை எண்ணும்போது 0.1 மில்லிமீட்டரை எல்லையாக வைத்தால் ஆண்டின் பெரும்பாலான நாள்களும் மழை நாள்களாகிவிடும். குறைந்தது 1 மில்லிமீட்டரை எல்லையாக வைத்தால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.

மாறாக, பல மாநிலங்களை ஒருசேர மூடிக்கொண்டு நாள்கணக்கில் பெய்யும் பருவமழையை இத்தரவு நன்றாகவே பிடிக்கிறது. மாதக் கூட்டுத்தொகை என்று வரும்போதும் ஏடும் கோப்பும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஓர் ஏற்றம், அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிய ஏற்றம், இடையில் ஆண்டுத் தொடக்கத்திலும் நடுவிலும் இறக்கம் என்று தீபகற்பத்தின் மேற்குப் பகுதிக்குச் சொல்லப்படும் மழை ஒழுங்கு கோப்பில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: மாதத்துக்கும் பருவத்துக்கும் வறட்சிக்கும் இச்சேவையை நம்பலாம், இன்ன நாளில் நம் தோட்டத்தில் மழை பெய்ததா என்ற கேள்விக்கு மழைமானி ஏடு ஒன்றே சான்று.

அந்த ஏட்டோடு ஒப்பிடும்போது நாள் என்பது எப்போது தொடங்குகிறது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஒப்பீடுகள் பெரும்பாலும் இங்கேதான் பிசகுகின்றன. தோட்டத்தில் காலைப் பெரட்டு (வேலையாள்களின் பெயர் அழைப்பு) முடிந்து, ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ அவர் அனுப்பிய ஆளோ மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவார். அந்த நீர் முந்தின நாள் காலைக்குப் பின் இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை. நாட்டின் வானிலைத் துறையும் மழை நாளைக் காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிவரை என்றே கணக்கிடுகிறது. ஓப்பன்-மீட்டியோவிலோ நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று தேர்ந்தெடுத்தால், நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை. பிற்பகல் நான்கு மணிக்குப் பெய்த மழைக்கு இதனால் வேறுபாடு வராது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குப் பெய்த மழை, ஒன்றில் இன்றைய கணக்கிலும் மற்றொன்றில் நேற்றைய கணக்கிலும் சேரும்.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி முன்னால் இருப்பதால், நம் காலை எட்டு மணிதான் கிரீன்விச்சின் நள்ளிரவு. நேர மண்டலத்தை மாற்றாமல் கிரீன்விச் நேரத்திலேயே விட்டுவிட்டால், கோப்பில் வரும் ஒவ்வொரு நாளும் நம் காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிவரை உள்ள காலத்தைக் குறிக்கும். அதாவது மழைமானியின் நாளோடு அப்படியே பொருந்தும். எனவே மழையை ஏட்டோடு ஒப்பிடக் கிரீன்விச் நேரத்தையும், வெப்பநிலையைப் பார்க்கக் கோலாலம்பூர் நேரத்தையும் வைத்து இரு கோப்புகளாக இறக்கிக்கொள்வதே நல்லது. வெப்பநிலைக்குக் கிரீன்விச் நாளை வைத்தால், 15ஆம் தேதி விடியலின் தாழ் வெப்பம் 14ஆம் தேதிக்குரியதாகப் பதிவாகிவிடும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில கிராணிகள் அளந்த தேதிக்கு நேரே எழுதுவார்கள். சிலர் மழை பெய்த நாளுக்கு நேரே, ஒரு கட்டம் மேலே எழுதுவார்கள். கிராணி மாறினால் வழக்கமும் மாறும். தட்டச்சு செய்யும்போது எந்த மாதத்திலிருந்து எந்த வழக்கம் என்று தனியாகக் குறித்து வைக்காவிட்டால், பின்னால் கண்டுபிடிப்பது கடினம். தவிர, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1981 இறுதிவரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தது. நாள் கூட்டுத்தொகையில் இந்த அரை மணி பெரிதாக எதையும் மாற்றாது. மணிவாரித் தரவைப் பழைய குறிப்போடு ஒப்பிடுபவர்கள் மட்டும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பல பத்தாண்டுகளைச் சேர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சேவையில் வேறெதையும் மாற்றாமல் இறக்கினால், கிடைப்பவற்றுள் பொருத்தமான தொகுப்புகளைக் கலந்து தரும் தெரிவே நடைமுறையில் இருக்கும். 2017 முதல், அதே ஐரோப்பிய மையத்தின் 9 கிலோமீட்டர் நுணுக்கம் கொண்ட ஐஎப்எஸ் என்னும் முன்கணிப்பு மாதிரியின் தரவு கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஈரா-5, 1950 முதல் அதைவிட நுணுக்கமான ஈரா-5 லேண்ட் ஆகியவை உள்ளன. கலந்த தொகுப்பை வைத்துக்கொண்டு, 2017க்குப் பிறகு நம் ஊரில் மழை மாறிவிட்டது என்று ஒருவர் கட்டுரை எழுதினால், மாறியது மழையா, அளக்கும் கருவியா என்று எவராலும் சொல்ல முடியாது. நீண்ட கால ஒப்பீட்டுக்கு ஈரா-5ஐயோ ஈரா-5 லேண்டையோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முதலிலிருந்து இறுதிவரை அதிலேயே நிற்க வேண்டும். சேவையின் விளக்கக் குறிப்பும் இதையே சொல்கிறது.

அப்போதும் எல்லா ஆண்டுகளும் ஒரே உறுதி உடையவை அல்ல. செயற்கைக்கோள் அளவீடுகள் 1979 முதல்தான் பெருமளவில் மாதிரிக்குள் வருகின்றன. 1940களிலோ உள்ளே செலுத்துவதற்கு அளவீடுகளே சொற்பம். 1941 டிசம்பரில் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து 1945இல் ஆட்சி முடியும்வரை, தோட்டங்கள் சிதறி, ஆள்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட காலத்தில், மழைமானியைப் பார்த்து எழுத யார் இருந்தார்கள்? ஆனால் இச்சேவையின் கோப்பில் அந்த ஆண்டுகளிலும் ஒரு நாள்கூட வெற்றிடம் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் தசமப் புள்ளியோடு ஓர் எண் நிற்கும். அந்த எண் மாதிரியின் ஊகம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டம் நிரம்பியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை அறிவியல் வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வெப்பநிலையில் இச்சேவையின் தரம் மழையைவிட மேலானது. நிலத்தின் உயரத்தை 90 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்து அதற்கேற்ப வெப்பத்தைத் திருத்தித் தருவதால், மலையடிவாரத்தில் உள்ள தோட்டத்துக்கும் பள்ளத்தாக்கில் உள்ள நகருக்கும் வேறுபாடு காட்டுகிறது. எனினும் கட்டச் சராசரி என்பதால் ஒரு நிலையத்தின் உச்ச நாளை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸ் நாட்டின் உச்ச வெப்பம். இத்தகைய சாதனை எண்களுக்கு நிலையப் பதிவையே நாட வேண்டும்.

மாற்றுச் சேவைகளையும் பார்த்துவிடலாம். நாசா பவர் 1981 முதல் நாள் தரவைத் தருகிறது. வேளாண்மைக்கும் சூரிய ஆற்றலுக்கும் என்றே அமைக்கப்பட்டதால் கதிர்வீச்சுத் தரவுக்கு அதை நாடலாம், ஆனால் கட்டம் அரைப் பாகைக்கும் மேல் அகலமானது.  அமெரிக்காவின் நோவா நிறுவனம் வழங்கும் ஜிஹெச்சிஎன்-டெய்லி வேறு வகை. உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் நேரடி அளவீடுகள் அதில் உள்ளன. நமக்கு அருகில் ஈப்போ நிலையம் 48625 என்னும் உலக வானிலை அமைப்பின் எண்ணோடும், சித்தியவான் நிலையம் 48620 என்னும் எண்ணோடும் அறியப்படுகின்றன. அந்தக் கோப்புகளில் மழை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக எழுதப்பட்டிருக்கும்; 254 என்றிருந்தால் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். பதிவில்லாத நாளுக்கு -9999 என்று இட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் கூட்டினால் ஆண்டு மழை கழித்தல் குறியோடு வரும். மழைக்கு மட்டும் என்றால், செயற்கைக்கோளையும் தரை நிலையங்களையும் இணைத்து 1981 முதல் தரப்படும் சிர்ப்ஸ் தொகுப்பின் கட்டம் சுமார் 5 கிலோமீட்டர்தான், ஆனால் அதை இறக்கிக் கையாளக் கொஞ்சம் நிரலறிவு வேண்டும். நாட்டின் வானிலைத் துறையிடம் நிலையத் தரவுக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். வழக்கு, காப்புறுதி போன்றவற்றுக்கு அதுவே சரியான வழி. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இன்போபஞ்சிர் தளம் அன்றாட மழையையும் ஆற்று மட்டத்தையும் பார்க்க மிகச் சிறந்தது. வெள்ளக் காலத்தில் எல்லோர் கைப்பேசியிலும் இருக்க வேண்டியது.

தரவை இறக்குவதோடு வேலை முடிவதில்லை. அதைப் படமாக்கும் விதத்தில்தான் அது பேசும். சேவையின் பக்கத்தில் வரும் படம் ஒரு முன்னோட்டம் மட்டுமே. எண்பது ஆண்டு நாள் மழையை ஒரே கோட்டில் வரைந்தால், முள்வேலிபோல் அடர்ந்து எதுவும் தெரியாது. நான் பரிந்துரைப்பது மூன்று வகைப் படங்களை. அவற்றுள்ளும் முதலாவதை எவரும் ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ நாள் மழையைப் பிவட் அட்டவணை என்னும் தொகுப்பு வசதியால் மாதக் கூட்டுத்தொகையாக்கி, இடமிருந்து வலமாகப் பன்னிரண்டு மாதங்களையும், மேலிருந்து கீழாக ஆண்டுகளையும் வைத்து, மழை கூடக் கூட நீலம் அடர்த்தியாகும்படி நிறம் ஏற்ற வேண்டும். நிறம் ஏற்றிய உடனே ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் இரண்டு நீலத் தூண்கள் மேலிருந்து கீழாக இறங்குவது கண்ணில் படும். அந்தத் தூண்கள் எந்த ஆண்டில் அறுபட்டு வெளிறியிருக்கின்றனவோ அந்த ஆண்டை நோக்கி விரல் தானாகப் போகும். பதிவில்லாத மாதத்துக்கு வெண்மை கொடுக்கக் கூடாது. வெண்மை மழையின்மைக்கு உரியது, பதிவின்மைக்குச் சாம்பல் நிறம். ஏட்டுத் தரவைப் படமாக்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இரண்டாவது, சேர்மானக் கோடு. சனவரி 1 முதல் ஒவ்வொரு நாள் மழையையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போய், ஓர் ஆண்டுக்கு ஒரு கோடு என்று வரைவது. எல்லா ஆண்டுகளையும் மங்கிய சாம்பலில் விட்டு, பசிபிக் கடல் வெப்பமடைந்து நம் பக்கம் மழை குறையும் எல் நினோ வலுத்திருந்த 1982-83, 1997-98, 2015-16 ஆகிய காலங்களின் கோடுகளை மட்டும் செந்நிறத்தில் காட்டலாம். கோடு படுத்துக் கிடக்கும் இடம் வறட்சி, செங்குத்தாக எழும் இடம் பெருமழை. லீப் ஆண்டில் பிப்ரவரி 29 வருவதால், நாள் எண்ணை வைத்து வரைபவர்கள் மார்ச் முதல் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடுவதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, வெப்பத்துக்கு. ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரவலாக்கிய வெப்பப் பட்டைகளின் வடிவில், ஆண்டுச் சராசரியை நீலத்திலிருந்து சிவப்பு வரையிலான பட்டைகளாக வரைவது. பள்ளி அறிவிப்புப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. எண்ணே இல்லாமல் சிறு பிள்ளைக்கும் புரியும்.

செம்பனை வைத்திருப்போர் மழையோடு நிறுத்திக்கொள்ளாமல், நாள் தரவில் எஃப்ஏஓ ஆவியுயிர்ப்பு என்னும் வரிசையையும் குறியிட்டு இறக்க வேண்டும். ஒரு நாளில் வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் எவ்வளவு நீரை வாங்கிக்கொள்ளும் என்பதைப் புல்வெளியை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்ட எண் அது. மாத மழையிலிருந்து மாத ஆவியுயிர்ப்பைக் கழித்துப் பார்த்தால், எந்த மாதங்களில் மரம் பற்றாக்குறையில் நின்றது என்பது தெரியும். செம்பனைக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் மாதங்களுக்குப் பரவலாக, வேண்டும் என்பது நடவு நூல்கள் சொல்லும் கணக்கு. 100 மில்லிமீட்டருக்குக் குறைந்த மாதத்தை வறண்ட மாதம் என்பார்கள். வறட்சி வந்த உடனே குலை குறைவதில்லை. பூ ஆணா பெண்ணா என்று முடிவாகும் பருவத்திலும், இளம்பூ கருகும் பருவத்திலும் பட்ட அடி, ஓராண்டிலிருந்து இரண்டாண்டு கழித்துத்தான் தராசில் தெரியும். ஆகவே உங்கள் ஆலைச் சீட்டுகளில் உள்ள குலை எடையை மாதவாரியாகக் கூட்டி, அந்தக் கோட்டை நீர்ப் பற்றாக்குறைக் கோட்டின்மேல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு என்று நகர்த்தி நகர்த்தி வைத்துப் பாருங்கள். இந்த ஒப்பீட்டுக்கு மாத அளவே போதும் என்பதால், இச்சேவையின் நாள் மழைக் குறைபாடு இங்கே இடையூறு செய்யாது. சிறுதோட்டக்காரர்களுக்கு இது தரும் மிகப் பெரிய பயன் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்தின் கதை அப்படியன்று. அங்கே கேள்வி நாளையும் தாண்டி மணிக்குப் போய்விடும். விடியுமுன் பட்டை நனைந்திருந்தால் வெட்டு தள்ளிப்போகும். வெட்டிய பின் மழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பால் நீரோடு போகும். ஏட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘லேட் டேப்பிங்’, ‘வாஷ் அவுட்’, ‘நோ டேப்பிங்’ என்று எழுதியிருக்கும் சொற்கள் அன்றைய வேலையையும் கூலியையும் சேர்த்துப் பதிவு செய்தவை. மறுபகுப்பாய்வின் மணிவாரி மழையை வைத்து அந்தக் குறிப்புகளைச் சரிபார்க்க முயல்வது வீண். மாறாக, அந்தக் குறிப்புகளையே ஒரு தனி நெடுவரிசையாகத் தட்டச்சு செய்து, கோப்பின் நாள் மழைக்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். மழை அங்குலத்தில் இருந்தால் 25.4ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கிய எண்ணைப் புதிய நெடுவரிசையில் இட்டு, அங்குல எண்ணை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வெற்றுக் கட்டத்தையும் சுழியத்தையும் சிறு கோட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. காகிதம் நம் வெக்கையிலும் ஈரத்திலும் கரையானிலும் நீண்ட காலம் தாங்காது. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும்போது ஆபீஸ் கட்டடத்தோடு ஏடுகளும் போய்விடுகின்றன. உங்கள் வீட்டிலோ ஆலயத்தின் பழைய பெட்டியிலோ அத்தகைய ஏடு இருந்தால், வேறெதற்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

நடைமுறைச் செய்திகள் சில எஞ்சியுள்ளன. கட்டணமில்லாப் பயன்பாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அழைப்புகள் என்ற எல்லை உண்டு. பல ஆண்டுகளைக் கேட்கும் ஒரே வினா பல அழைப்புகளாக எண்ணப்படும் என்றாலும், ஓர் ஊருக்குத் தரவு எடுப்பவர் அந்த எல்லையை நெருங்கவே மாட்டார். ஆலோசனை நிறுவனமாகவோ செயலி விற்பவராகவோ பயன்படுத்தினால் சந்தா கட்ட வேண்டும். தரவு, ஆதாரத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருவதால், பள்ளிச் சுவரொட்டியிலும் ஓப்பன்-மீட்டியோவின் பெயரையும் கோப்பர்னிக்கஸின் பெயரையும் ஓரத்தில் எழுதுவது கடமை. ஈரா-5 சுமார் ஐந்து நாள் பிந்தியே வருகிறது. அண்மைய மாதங்களின் எண்கள் பிறகு திருத்தப்படவும் கூடும், எனவே ஆண்டறிக்கை எழுதுபவர்கள் இறுதிக் கோப்பைச் சில மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டும்.

இச்சேவையிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. பயனர் தம் மழைமானியின் கோப்பை ஏற்றினால், அதே படத்தில் கட்டத் தரவோடு அதையும் வேறு நிறத்தில் காட்டும் வசதி வேண்டும், நாளின் தொடக்க மணியைப் பயனரே குறிக்கும்படியாக. அதுவரை இந்த இணைப்பை விரிதாளில் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்: முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் ஏட்டு மழை, மூன்றாவதில் கிரீன்விச் நாளின் ஈரா-5 மழை, நான்காவதில் கிராணியின் குறிப்பு.